சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைக் கையால் போடுவது: லேத் பட்டறைக் கணக்கு

கட்டுப்பாடுகளுக்குள் லாபம் மிக அதிகமாகும் விடையைப் படிப்படியாகத் தேடும் முறைதான் சிம்ப்ளெக்ஸ். ஒரு லேத் பட்டறையில் ஷாஃப்ட், கியர் என இரண்டு உருப்படிகள் செய்கிறார்கள். ஷாஃப்ட் ஒன்றுக்கு லேத்தில் 3 மணி நேரம், கீவே (சாவிப் பள்ளம்) வெட்ட மில்லிங்கில் 1 மணி நேரம். கியர் ஒன்றுக்கு லேத்தில் கடைசல் 2 மணி, மில்லிங்கில் பல் வெட்ட 2 மணி. வாரத்துக்கு லேத் 48 மணி, மில்லிங் 32 மணி கிடைக்கும். ஷாஃப்ட்டில் 500 ரூபாயும் கியரில் 400 ரூபாயும் நிற்கும். எதை எத்தனை செய்தால் லாபம் அதிகம்?

சமன்பாட்டுக்குப் போவதற்கு முன், அந்த 500-ம் 400-ம் எப்படி வந்தன என்று பாருங்கள். விற்பனை விலையிலிருந்து இரும்பு, டூல் தேய்மானம் என உருப்படி கூடக்கூடக் கூடும் செலவை மட்டும்தான் கழிக்க வேண்டும். வாடகையும் மாதச் சம்பளமும் எதைச் செய்தாலும் மாறாது. அவற்றையும் உருப்படிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கழித்தால், கணக்குப் பிசகாமல் போட்டும் தவறான விடை வரலாம். நடைமுறையில் பிழை எளிதில் நுழையும் இடம் இது.

ஷாஃப்ட்டின் எண்ணிக்கை ச, கியரின் எண்ணிக்கை க, லாபம் ல:

ல = 500ச + 400க
3ச + 2க ≤ 48 (லேத்)
ச + 2க ≤ 32 (மில்லிங்)
ச, க ≥ 0

ஒவ்வொரு ≤ வரிக்கும் ஒரு ஸ்லாக் மாறி சேருங்கள். மீ1 என்பது லேத் சும்மா நிற்கும் நேரம், மீ2 மில்லிங் சும்மா நிற்கும் நேரம்.

3ச + 2க + மீ1 = 48
ச + 2க + மீ2 = 32
ல − 500ச − 400க = 0

இந்த மூன்று வரிகள்தான் அட்டவணை; கடைசி வரி லாப வரிசை. தொடக்கத்தில் ச-வும் க-வும் பூஜ்யம்; மீ1 = 48, மீ2 = 32. ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யமாக உள்ள ஒரு மாறி மதிப்புப் பெற்று உள்ளே வரும், இன்னொன்று பூஜ்யமாகி வெளியேறும். லாப வரிசையில் அளவில் மிகப் பெரிய எதிர்மறை எண் −500. ஆகவே ச உள்ளே வருகிறது. யார் வெளியேறுவது? ஒவ்வொரு வரிசையிலும் வலப்பக்க எண்ணை ச-வின் நிரலில் (அதாவது ச-வுக்கு முன்னால்) உள்ள எண்ணால் வகுங்கள்: 48/3 = 16, 32/1 = 32. சிறியது 16, எனவே மீ1 வெளியே. பெரியதை எடுத்தால் என்ன ஆகும்? 32 ஷாஃப்ட்டுக்கு 96 லேத் மணி வேண்டும், இருப்பது 48. மீ1 = −48 ஆகிவிடும். அட்டவணையின் வலப்பக்கத்தில் எதிர்மறை எண் தெரிந்தால் விகிதத்தைத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள், அல்லது கூட்டல் கழித்தலில் பிசகியிருக்கிறீர்கள். இன்னொன்று: நிரலில் பூஜ்யமோ எதிர்மறையோ உள்ள வரிசைக்கு விகிதமே எடுக்கக் கூடாது. நிரல் முழுக்க அப்படியே இருந்தால் லாபத்துக்கு எல்லை இல்லை. அதாவது ஏதோ ஒரு கட்டுப்பாட்டை எழுத மறந்திருக்கிறீர்கள்.

முதல் வரிசையை 3-ஆல் வகுத்து, மற்ற வரிசைகளில் ச-வை நீக்குங்கள்:

ச + (2/3)க + (1/3)மீ1 = 16
(4/3)க − (1/3)மீ1 + மீ2 = 16
ல − (200/3)க + (500/3)மீ1 = 8000

பின்னமாகவே வைத்திருங்கள். 2/3-ஐ 0.67 என்று எழுதினால் அடுத்த சுற்றில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 0.01 மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். கணக்கு முடிந்ததா இல்லையா என்றே தெரியாது.

−200/3 இன்னும் எதிர்மறை, எனவே க உள்ளே வருகிறது. விகிதங்கள் 24, 12. மீ2 வெளியே. பிவட், அதாவது க-வின் நிரலும் வெளியேறும் வரிசையும் சந்திக்கும் எண், 4/3. அந்த வரிசையை இதனால் வகுத்து, மற்ற வரிசைகளில் க-வை நீக்குங்கள்:

ச + (1/2)மீ1 − (1/2)மீ2 = 8
க − (1/4)மீ1 + (3/4)மீ2 = 12
ல + 150மீ1 + 50மீ2 = 8800

லாப வரிசையில் எதிர்மறை இல்லை, கணக்கு முடிந்தது. 8 ஷாஃப்ட், 12 கியர், 8800 ரூபாய். சரிபார்க்க: 3×8 + 2×12 = 48; 8 + 2×12 = 32.

பலரும் இங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். பட்டறை முதலாளிக்கு அதிகம் பயன்படுவது கடைசி வரிசையின் 150-ம் 50-ம்தான். இவை நிழல் விலைகள். லேத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் லாபம் 150 ரூபாய் கூடும், மில்லிங்கில் 50 ரூபாய்தான். லேத் ஓவர்டைமுக்கு மணிக்கு 120 ரூபாய் செலவானால் ஓட்டலாம். மில்லிங்குக்கு அதே 120 கொடுத்தால் நஷ்டம். ஆனால் இந்த 150 எல்லையில்லாமல் செல்லாது. மில்லிங் 32 மணியாகவே இருக்கும்போது லேத் நேரத்தை ஏற்றினால் கியர் குறையும், 96 மணியில் அது பூஜ்யமாகும். இறக்கினால் 32 மணியில் ஷாஃப்ட் பூஜ்யமாகும். 32 முதல் 96 வரைதான் அந்த விலைக்கு மதிப்பு.

"குறைந்தது 5 கியர் வேண்டும்" என்பது போன்ற ≥ வரி வந்தால் உபரியை (5-க்கு மேல் போகும் அளவை) கழித்து, தொடங்குவதற்கு மட்டும் ஒரு செயற்கை மாறியைக் கூட்டி, இரண்டு கட்ட முறையில் போடுங்கள்: முதல் கட்டத்தில் செயற்கை மாறிகளின் கூட்டுத்தொகையைச் சிறுமமாக்கி, இரண்டாம் கட்டத்தில் லாபத்தைத் தேடுவது. முதல் கட்ட முடிவில் செயற்கை மாறிகளின் கூட்டுத்தொகை பூஜ்யமாகாவிட்டால் அந்தக் கணக்குக்குத் தீர்வே கிடையாது. மிகச் சிறிய விகிதம் இரண்டு வரிசைகளில் ஒன்றாகவே வந்து, அட்டவணை சுற்றிச் சுற்றி வந்தால் 1977-இல் ராபர்ட் பிளாண்ட் என்ற ஆய்வாளர் சொன்ன விதி கைகொடுக்கும்: மாறிகளுக்கு முதலிலேயே 1, 2, 3 என எண் கொடுத்துவிட்டு, உள்ளே வருவதிலும் வெளியேறுவதிலும் தகுதியானவற்றுள் மிகச் சிறிய எண் கொண்ட மாறியையே எடுங்கள்.

இங்கே விடை முழு எண்ணாக வந்தது தற்செயல். 7.6 ஷாஃப்ட் என்று வந்தால் 8 ஆக்கிவிடாதீர்கள், லேத் நேரம் தாண்டிவிடலாம். கீழே இறக்கினாலும் அதுவே சிறந்த முழு எண் விடை என்று உறுதியில்லை. அதற்கு முழு எண் திட்டமிடல் தனியாக இருக்கிறது.

கணினியில் சரிபார்க்க எக்செல் சால்வரில் 'சிம்ப்ளெக்ஸ் எல்பி' முறையைத் தேர்ந்தெடுத்து, சென்சிட்டிவிட்டி அறிக்கையையும் கேளுங்கள். 150, 50 அதில் வரும். பைத்தானில் சைப்பை (SciPy) நூலகத்தின் லின்ப்ராக் (linprog) கட்டளை சிறுமத்தை (மிகக் குறைந்த மதிப்பை) மட்டுமே தேடும். −500, −400 என்று கொடுத்தால் விடை −8800 என வரும், நிழல் விலைகளும் −150, −50 என்றுதான் வரும். குறியை மாற்றிப் படியுங்கள்.