கடற்படைக் கப்பல்துறையில் காண்ட்ராக்ட் வேலையை மேற்பார்வையிடுவது எப்படி

அரசுத் தரப்பு இன்ஜினியராகப் போயிருக்கிறீர்களா? வேலை செய்வது காண்ட்ராக்டர், அதை ஏற்பதா வேண்டாமா என்று சொல்வது நீங்கள், இதை முதல் நாளிலேயே தெளிவாக்கிவிடுங்கள். அவருடைய ஆட்களிடம் நேரடியாக எதையும் செய்யச் சொல்லாதீர்கள், நாளைக்குக் கோளாறு வந்தால் "நீங்கள் சொன்னபடிதான் செய்தோம்" என்று நிற்பார்கள். எதுவானாலும் அவருடைய சைட் இன்ஜினியருக்கு, எழுத்தில்.

அப்புறம், உங்கள் கையெழுத்து இல்லாமல் தாண்டக் கூடாத கட்டங்கள் எவை என்று வேலை தொடங்கும் முன்பே இரு தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண்) குழியின் ஆழம், கம்பிக் கட்டு, மண்ணுக்குள் போகிற குழாயும் கேபிளும் என்று கண்ணுக்கு மறையப்போகிற எல்லாமே அதில் வர வேண்டும். மூடிய பிறகு சந்தேகப்பட்டால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு யாரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

ஜெட்டி (கப்பல் அணையும் மேடை) வேலையில் நான் அதிகம் வற்புறுத்துவது கம்பியின் கவரை, அதாவது கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட்டின் தடிமனைத்தான். எப்போதும் நீருக்குள் கிடக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு, துரு மெதுவாகத்தான் வரும். அலை தெறித்து நனைந்து காய்ந்து மறுபடி நனைகிற இடத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போய் கம்பியைத் தின்னும். அதனால் உத்திரத்தின் அடிப்பக்கத்தைக் குனிந்து, டேப் வைத்து நீங்களே பாருங்கள். வரைபடத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கம்பிக்கு அடியில் முட்டுக்கொடுக்கிற கவர் பிளாக்கும் அதே உயரம்தானா, பாரம் தாங்காமல் சாய்ந்திருக்கிறதா, கட்டுக்கம்பியின் முனை உள்பக்கம் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? சரியில்லை என்றால் லாரி வாசலில் காத்திருந்தாலும் ஊற்ற விடாதீர்கள்.

கான்கிரீட் லாரி வந்தால் சீட்டில் கிளம்பிய நேரத்தைப் பாருங்கள், ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுங்கள், இறுகிப்போனதென்று தண்ணீர் ஊற்றினால் திருப்பி அனுப்புங்கள். பலம் பார்க்கிற சோதனைக் கியூப், வேலைக்கு ஊற்றுகிற அதே லாரியிலிருந்து, உங்கள் கண் முன்னால். இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் 7 நாளில் மெதுவாகத்தான் பலம் ஏறும், 28 நாள் முடிவை வைத்தே தீர்மானியுங்கள். நீருக்கடியில் ஊற்றும்போது கான்கிரீட்டை அடிவரை இறக்கும் டிரெமி குழாயின் வாய் ஏற்கெனவே போட்ட கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும், வெளியே வந்துவிட்டால் கடல்நீர் புகுந்து சிமென்ட் கரைந்து போகும்.

கப்பல் டாக்கில் (பழுது பார்க்கும் துறையில்) ஏறும் தேதி யாருக்காகவும் நகராது, உங்கள் வேலை அட்டவணையை அதற்கேற்ப வையுங்கள். வெல்டிங்குக்குத் தீப் பாதுகாப்புப் பெர்மிட், ஆட்களுக்குப் பாஸ், படம் எடுக்க அனுமதி எல்லாம் முன்கூட்டியே வேண்டும். அந்தப் படங்கள்தான் பிறகு உங்கள் சாட்சி.

பில்லை, முடிந்த வேலையின் அளவுகளைக் குறித்த அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் பாஸ் பண்ணாதீர்கள். தூர்வாரும் வேலையில் முன்னும் பின்னும் ஒரே முறையில், ஒரே மட்டத்தை அடிப்படையாக வைத்து ஆழம் அளந்திருக்க வேண்டும், பின் அளவை, வேலை முடிந்த கையோடு எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் வண்டல் திரும்பச் சேர்ந்து சண்டை வரும். கூடுதல் வேலைக்கு எழுத்து உத்தரவு முதலில், வேலை அப்புறம். கேபிளும் குழாயும் உண்மையில் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடம் கைக்கு வராமல் கடைசி பில்லை விடாதீர்கள்.