வில்லும் நாணும்: லண்டன் ரயில் நிலையங்களின் பெருங்கூரைகளைப் பார்ப்பது எப்படி

நடைமேடைக்கு மட்டும் நிழல் தரும் தகரக் கூரையை எல்லா ஊர்களிலும் காணலாம். தண்டவாளங்களையும் நடைமேடைகளையும் சேர்த்து ஒரே வீச்சில் மூடும் பெருங்கூரைகளோ நீராவி இன்ஜின் காலத்தின் மிச்சங்கள். அவற்றில் மிகச் சிறந்த மூன்றினை லண்டனில் ஒரே முற்பகலில் பார்த்துவிடலாம். கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்க்ராஸ், பாடிங்டன் என்ற இந்த வரிசையை மாற்றாமல் செல்லுங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முன் பார்த்ததைப் புரியவைக்கும் என்பதே காரணம்.

உள்ளே நுழைந்தவுடன் அண்ணாந்து பார்க்கும் ஆசையைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். வளைவான கூரை எதுவாயினும் தன் பாரத்தால் இரு கால்களையும் வெளிப்பக்கமாக உதைத்துக்கொண்டே இருக்கும். வளைத்த வில்லை விரியாமல் பிடித்துவைப்பது நாண். கூரையிலும் ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஆகவே வளைவு தரையையோ சுவரையோ தொடும் இடத்திலிருந்து தொடங்கி, "இந்த வில்லுக்கு நாண் எங்கே?" என்று தேடுங்கள். கண்ணாடியையும் அலங்காரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிங்ஸ் கிராஸை முதலில் வெளியே, தெற்கிலுள்ள சதுக்கத்தில் நின்று பாருங்கள். லூயிஸ் கியூபிட் வடிவமைத்து 1852இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தின் முகப்பிலுள்ள இரண்டு பெரிய வளைவுகள் வெறும் ஒப்பனை அல்ல. பின்னாலுள்ள இரண்டு கூரைகளின் குறுக்குவெட்டே அப்படி முகப்பாக நிற்கிறது. ஒவ்வொரு கூரையும் 105 அடி அகலமும் 800 அடி நீளமும் உடையது. உள்ளே சென்றால் நடுவில் திறப்புகள் விட்டுக் கட்டிய செங்கல் சுவர் ஒன்றைக் காண்பீர்கள். இடப்பக்கக் கூரையும் வலப்பக்கக் கூரையும் எதிரெதிராக உதைப்பதால் அச்சுவரில் இரு உதைப்புகளும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. வெளிப்பக்கங்களிலோ தடித்த சுவர்களே அதைத் தாங்க வேண்டும். இங்கே நாண் என்று தனியாக எதுவும் இல்லை. இப்போது தெரியும் உலோக வளைவுகள் முதலில் இருந்தவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பலகைகளை அடுக்கி ஒட்டி வளைத்த மர வளைவுகள்தாம் தொடக்கத்தில் இருந்தன. கிழக்குக் கூரையில் 1869-70இலும் மேற்குக் கூரையில் 1886-87இலும் அவை மாற்றப்பட்டன. மேற்கே 2012இல் சேர்க்கப்பட்ட புதிய கூடத்தின் வெண்ணிற எஃகு வலை பலரையும் கவர்கிறது. என் கண்ணுக்கு அது பழைய கூரைகளின் அமைதியைச் சற்றுக் குலைக்கிறது.

அடுத்து, சாலையைக் கடந்தால் செயின்ட் பாங்க்ராஸ். அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். வில்லியம் ஹென்றி பார்லோவின் இக்கூரை 1868இல் ரயில்கள் வரத் தொடங்கியபோது உலகிலேயே மிக அகன்ற ஒற்றை வளைவுக் கூரையாக இருந்தது: அகலம் ஏறத்தாழ 240 அடி, நீளம் 689 அடி, உயரம் சுமார் 100 அடி. இடையில் ஒரு தூண்கூட இல்லை, பக்கச் சுவர்களிலும் பெரிய முட்டுகள் இல்லை. நாணைத் தேடினால் மேலே கிடைக்காது. நீங்கள் நிற்கும் தளமே நாண். வடக்கேயுள்ள ரீஜன்ட் கால்வாயை மேம்பாலத்தின் வழியே கடந்து வந்ததால் தண்டவாளங்கள் தெரு மட்டத்துக்கு மிக உயரத்தில் வந்து சேர்ந்தன. அவற்றைத் தாங்கும் இரும்பு உத்தரங்களையே வளைவின் இரு கால்களையும் இழுத்துப் பிடிக்கும் நாணாகப் பார்லோ பயன்படுத்திக்கொண்டார்.

இதைக் கண்ணால் காண, தரைத்தளத்திலுள்ள கடைவீதியில் நடந்து வார்ப்பிரும்புத் தூண்களின் வரிசையைக் கவனியுங்கள். பீர் வடிப்புக்குப் பேர்போன பர்ட்டன் நகரிலிருந்து வந்த பீப்பாய்களை அடுக்கும் கிடங்காக இவ்விடம் இருந்தது. பீப்பாய்கள் வசதியாக அடங்கும்படி தூண்களின் இடைவெளி 14 அடி 8 அங்குலமாக வைக்கப்பட்டது. மேலே ஏறிச் சென்று கூரை வளைவுகளின் இடைவெளியைப் பாருங்கள்: அதன் இருமடங்கு, அதாவது 29 அடி 4 அங்குலம். ஒரு மாபெரும் கூரையின் அளவைப் பீர் பீப்பாய் தீர்மானித்திருக்கிறது! வளைவின் அடிப்பகுதியில் இரும்பு வேலையைச் செய்த பட்டர்லி நிறுவனத்தின் பெயரும் 1867 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். உச்சியோ வட்டமாக இல்லாமல் இலேசாகக் கூர்ந்திருக்கும். காற்றின் பக்கவாட்டு அழுத்தத்தைச் சமாளிக்கவே அவ்வாறு அமைத்தார்கள், முன்னாலுள்ள ஓட்டலின், கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணிக்குப் பொருந்தியது கூடுதல் பேறு.

பெருங்கூரையின் கீழுள்ள நடைமேடைகள் கடலடிச் சுரங்கம் வழியே ஐரோப்பாவுக்குச் செல்லும் யூரோஸ்டார் ரயில்களுக்கு உரியவை என்பதால் பயணச்சீட்டு இல்லாமல் அங்கே செல்ல முடியாது. ஆனால் மேல்தளத்தின் தெற்கு முனையில், பெரிய கடிகாரத்தின் கீழ் நின்றால் முழு வளைவும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் விரிந்து தெரியும். வடக்கேயுள்ள தட்டையான கூரை 2007இல் யூரோஸ்டார் இங்கு வந்ததையொட்டிக் கட்டிய நீட்டிப்பு. 400 மீட்டர் நீள ரயில் பழைய கூரைக்குள் எப்படி அடங்கும்? இரண்டும் சேரும் இடத்தில் ஒட்டுப்போடாமல் இடைவெளி விட்டுப் பிரித்தது நல்ல முடிவு என்றே தோன்றுகிறது.

நாண் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி சேரிங் கிராஸ் நிலையம். அங்கே 1864இல் அமைத்த வளைவுக் கூரைக்கு நாணாக இருந்தவை மேலே குறுக்கே ஓடிய இரும்பு இழுகம்பிகள். 1905 டிசம்பர் 5 அன்று அவற்றுள் ஒன்று பற்றவைப்பிலிருந்த குறையால் முறிந்து, கூரையின் ஒரு பகுதியும் பக்கச் சுவரும் சரிந்தன. ஆறு பேர் இறந்தனர். அக்கூரை இன்று இல்லை ஆதலால், அங்கே போக வேண்டியதில்லை.

பாடிங்டனுக்கு ஹாமர்ஸ்மித் அண்டு சிட்டி சுரங்க ரயிலில் செல்லுங்கள். உலகின் முதல் சுரங்க ரயில் 1863இல் ஓடிய பாதையே அது. பேக்கர் தெரு நிலையத்தின் பழைய செங்கல் வளைவைச் சன்னல் வழியே பார்க்கத் தவறாதீர்கள். பாடிங்டனில் 1854ஆம் ஆண்டின் மூன்று வளைவுகள் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனெலின் கைவண்ணம்; அலங்காரத்தில் மேத்யூ டிக்பி வயட் உதவினார். அகலங்கள் 68, 102, 70 அடி; குறுக்கே வெட்டிச் செல்லும் கூடங்கள் இரண்டு. செயின்ட் பாங்க்ராஸின் பிரமாண்டம் இதில் இல்லை. இருந்தும், தேனிரும்பு வளைவுகளில் வெட்டிய துளைகளின் வழியே ஒளி கசியும் அழகில் என் வாக்கு இதற்கே. நான்காவது வளைவு 1916இல் வடக்குப் பக்கம் எஃகால் சேர்க்கப்பட்டது. பழையவற்றைப் பார்த்தே செய்ததால் முதல் பார்வையில் ஏமாற்றும். அகலத்தை ஒப்பிடுங்கள்: இது 109 அடி, புருனெலின் நடு வளைவைவிடவும் பெரிது.

ஒரு சிறிய இருநோக்கி கையில் இருந்தால் ரிவெட் வரிசைகளைக்கூட எண்ணலாம். ரயில் ஓட்டுநர்களின் கண் கூசும் என்பதால் நடைமேடையில் ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது. காலையில் வேலைக்குச் செல்வோரின் நெரிசல் ஓய்ந்தபின், பத்து மணிக்குமேல் தொடங்கினால் யார் வழியையும் மறிக்காமல் நிதானமாக நிற்கலாம்.