மல்மலில் ரீஜென்சி கவுன்: முன்பக்கத்தைவிட முதுகு முக்கியம்

மார்புக்குக் கீழேயே இடுப்புக்கோடு, அங்கிருந்து நேராகத் தரைக்கு இறங்கும் வெள்ளைத் துணி. 1795-க்கும் 1820-க்கும் இடையில் ஐரோப்பாவில் பெண்கள் உடுத்திய கவுன் இது. இங்கிலாந்தில் அரசருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட ரீஜென்சி ஆட்சி நடந்தது 1811 முதல் 1820 வரைதான் என்றாலும், அந்தக் கால் நூற்றாண்டு உடை மொத்தமும் இன்று அந்தப் பெயரிலேயே வழங்குகிறது. அன்று இதற்கு விரும்பி வாங்கிய துணிகளில் வங்காளத்து மஸ்லினும் ஒன்று. அதனால் நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பருத்தித் துணியான மல்மலில் தைத்தால் உடை அசலுக்கு வெகு அருகில் வந்துவிடும். பாலியஸ்டர் ஜார்ஜெட்டில் வராது. அது வழுக்கி விழும், இந்த உடைக்குத் துணி உடம்போடு மெல்ல ஒட்டி இறங்க வேண்டும்.

5 அடி 3 அங்குல உயரம், கீழ்மார்புச் சுற்று 32 அங்குலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 44 அங்குல அகல மல்மல் 4 மீட்டர், லைனிங்குக்குப் பாப்ளின் 1 மீட்டர், கால் அங்குலப் பருத்தி நாடா 3 மீட்டர். மல்மல் சுருங்கும் என்பதால் வெட்டும் முன் கட்டாயம் நனைத்துக் காயவையுங்கள். வெட்டும்போது கத்தரிக்கு முன்னால் துணி ஓடினால், மிக நீர்த்த கஞ்சியில் ஒருமுறை முக்கி இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். தைத்து முடித்தபின் அலசினால் கஞ்சி போய்விடும்.

அளவெடுக்கும் முன் உள்ளாடையை முடிவு செய்யுங்கள். ஸ்டேஸ் என்ற அந்தக் கால உள்கச்சு மார்பை நன்றாக மேலே தூக்கி நிறுத்தும். அதனால்தான் இடுப்புக்கோடு அவ்வளவு உயரத்தில் நின்றது. ஸ்டேஸ் தைக்காவிட்டால், நன்றாகத் தூக்கும் பிராவின் ஸ்ட்ராப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போட்டு, அதன் மேல் அளவெடுங்கள். சேலைக்குக் கட்டும் உள்பாவாடையை இடுப்பில் கட்டி இதைப் போட்டால், நாடா முடிச்சும் இடுப்பு வரியும் மல்மலுக்குள் அப்படியே தெரியும். அதே பாவாடைக்கு இரண்டு தோள்பட்டி வைத்துக் கீழ்மார்பில் நிற்கும்படி மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. நீளம் போதவில்லை என்றால் அடியில் ஒரு பிரில் கொடுங்கள்.

இனி பாடி, அதாவது கவுனின் மேல்பகுதி. இங்கேதான் பெரும்பாலான கவுன்கள் கெடுகின்றன, காரணம் ரவிக்கை கட்டிங். ரவிக்கையில் தோள் தையல் தோளின் உச்சியில் வரும், பக்கத் தையல் அக்குளுக்கு நேர் கீழே இறங்கும், முதுகு அகலமாக இருக்கும். ரீஜென்சி பாடியில் தோள் தையல் உச்சியிலிருந்து ஒன்றரை அங்குலம் பின்னால் தள்ளி விழும். முதுகில் நடுத்துண்டு இரண்டு, அவற்றின் இரு பக்கமும் பக்கத்துண்டு. ஒவ்வொரு நடுத்துண்டும் தோள்பட்டை எலும்பு மட்டத்தில் ஐந்தரை அங்குலம் இருக்கும். வளைந்து இறங்கி இடுப்புக்கோட்டில் ஒன்றரை அங்குலமாகக் குறுகும். இரண்டும் சேர்ந்தால் முதுகில் பாதி வைரம் போன்ற வடிவம் தெரியும். பக்கத்துண்டு இடுப்புக்கோட்டில் ஆறரை அங்குலம். தையலுக்கு அரை அங்குலம் தனியாக விடுங்கள். நடுத் திறப்பு ஓரத்துக்கு 1 அங்குலம். நடுத்துண்டின் நடு ஓரம் துணியின் நேர் இழையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டும்போது முதுகு இழுத்துக்கொள்ளும்.

கை தூக்க வசதியாக இருக்கும் என்று அக்குளைக் கீழே இறக்கி வெட்டாதீர்கள். இறக்கினால் கையைத் தூக்கும்போதெல்லாம் பாடி முழுவதும் கூடவே ஏறி, இடுப்புக்கோடு மார்பு மேல் வந்து நிற்கும். அக்குளில் உயரமாக, ஒட்டினாற்போல் இருக்கட்டும். குடைவு முதுகுப் பக்கம் ஆழமாகப் போகட்டும். பழைய வேட்டியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்துத் திருத்திய பிறகே மல்மலைத் தொடுங்கள்.

முன்பக்க லைனிங்கை டார்ட் பிடித்து உடம்புக்குச் சரியாகத் தையுங்கள். அதன் மேல் வரும் மல்மலை லைனிங்கைப் போல ஒன்றரை மடங்கு அகலமாக வெட்டி, கழுத்தில் கால் அங்குலப் பட்டி மடித்து நாடா கோர்த்துச் சுருக்குங்கள். சுருக்கம் ஒழுங்கானதும் நாடாவை இரு தோள் தையலிலும் நாலு தையல் போட்டு நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சுருக்கம் முதுகுக்கு நகர்ந்துவிடும். திறப்பு பின்னால், கழுத்தில் ஒரு முடிச்சு, இடுப்புக்கோட்டில் ஒரு முடிச்சு. ஜிப் வைத்தால் முதுகின் அழகே போய்விடும்.

கவுனின் பாவாடைப் பகுதிக்கு இரண்டே துண்டு. கீழ்மார்பிலிருந்து தரைவரை சுமார் 45 அங்குலம், தையலுக்கும் மடிப்புக்கும் 3 சேர்த்து 48. முன்துண்டு மேலே 18, கீழே 40 அங்குலம். இது ஏறக்குறையச் சுருக்கமே இல்லாமல் பாடியில் ஏற வேண்டும். பின்துண்டு முழு அகலம், நடுவில் 9 அங்குலத் திறப்பு. பக்கத்துக்கு ஐந்தரை அங்குலம் சமமாக விட்டு, தையல் போக மீதியுள்ள 32 அங்குலத்தையும் முதுகு நடுவில் 5 அங்குலத்துக்குள் அடக்குங்கள். மெஷினில் நீளத் தையல் போட்டு இழுத்தால் கட்டியாகக் கூடும். கையால் கால் அங்குல ஓட்டத் தையல் இரண்டு வரிசை, ஊசி இறங்கும் இடங்கள் மேலும் கீழும் ஒரே நேரில் வரும்படி போட்டு, இரண்டு நூலையும் சேர்த்து இழுங்கள். துணி விசிறி மடிப்பாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு மடிப்பின் முனையையும் பாடியின் ஓரத்தோடு ஒரு சுற்றுத் தையலால் பிடியுங்கள். நடக்கும்போது பின்பக்கம் அலைபோல் விழுவது இதனால்தான்.

பஃப் கைக்குக் கைச்சுற்றோடு 6 அங்குலம் சேர்த்து வெட்டி, சுருக்கத்தை உச்சியிலும் அதன் பின்பக்கத்திலும் மட்டும் வையுங்கள். முன்பக்கம் சமமாக இருக்கட்டும்.

மெஷினில் 11-ஆம் நம்பர் புது ஊசி, 2 மில்லிமீட்டர் தையல். துணியை மெஷினின் பல் உள்ளே இழுத்தால் அடியில் பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துக் கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். உள் தையல்களை ஓவர்லாக் செய்தால் மல்மலின் வெளியே நூல் வரியாகத் தெரியும். ஒரு ஓரத்தைப் பாதியாக வெட்டி, மற்றதை அதன் மேல் மடித்து எம்மிங் செய்துவிடுங்கள். கழுத்து, கைப்பட்டி, கீழ்மடிப்பு மூன்றும் கைத்தையலாகவே இருக்கட்டும். நைலான் லேஸ் வேண்டாம். வெள்ளையில் வெள்ளை நூல் வேலை செய்த ஒரு விரல் பட்டி போதும்.

கீழ்மடிப்புக்கு அவசரப்படாதீர்கள். முன்துண்டின் ஓரங்கள் சரிவாக வெட்டப்பட்டவை, தொங்கத் தொங்க இறங்கும். ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் விட்டு, அணியப்போகும் செருப்போடு போட்டு நின்று, இன்னொருவரைத் தரையிலிருந்து ஸ்கேல் வைத்துக் குறிக்கச் சொல்லி, அதன் பிறகு மடியுங்கள்.