படத்தைக் காட்டும்போது கேட்க வேண்டிய கேள்வி

எடுத்த படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "உங்க கண் முதல்ல எங்கே போகுது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "சூப்பர்" என்பதைத் தாண்டிப் பதில் வருவது அபூர்வம். இரண்டாவதற்குக் கேமராவையே தொடாதவர்கூடச் சங்கடமில்லாமல் உண்மையைச் சொல்வார். பெரும்பாலும் வெளிச்சமான இடம், முகம், எழுத்து இவற்றுக்குத்தான் கண் முதலில் ஓடும். நீங்கள் காட்ட நினைத்தது பூ, அவர் சொல்வது பின்னாலிருக்கும் வெள்ளைச் சுவர் என்றால், எதை கிராப் செய்வது, எதை இருட்டாக்குவது என்று உடனே தெரிந்துவிடும். பதில் வரும்வரை மட்டும் நீங்கள் எந்த விளக்கமும் சொல்லாதீர்கள். பிறர் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போதும் "என் கண் சுவருக்குப் போச்சு" என்றே தொடங்கலாம், மனம் நோகாது.

படம் ஷேக் ஆகி (கேமரா அசைந்து) மங்கலாகியிருந்தால் இந்தக் கேள்வி உதவாது. ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) விவரத்தோடு அனுபவமுள்ளவரிடம் கேளுங்கள்.