டிரான்ஸ்ஃபர் முடிவு வரும்வரை என்ன செய்வது

முதலில் ஒன்று. இங்கே படிக்கிற காலேஜில் டிசி வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவுக்கு டிரான்ஸ்ஃபர், அதாவது பாதிப் படிப்பிலேயே அங்கத்திய பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பம், போட்ட கையோடு "எப்படியும் போகத்தானே போறோம்" என்று வகுப்புக்குப் போவதைக் குறைத்து, ஹாஸ்டலைக் காலி பண்ணி, அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய் பரீட்சை எழுத முடியாமல் நின்றவர்கள் உண்டு. என் தம்பியும் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் போனான். நாங்கள் கோபிப் பக்கம், அவன் கோயம்புத்தூரில் இரண்டாம் ஆண்டு பி.இ. கலிஃபோர்னியாவில் மூன்று இடத்துக்குப் போட்டுவிட்டு மார்ச்சிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காகித வேலை எல்லாம் அக்கா தலையில்.

தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வகையறா, டிரான்ஸ்ஃபர் முடிவை ஏப்ரல் 30-க்குள் சொல்லிவிடும். சேருகிறேன் என்று பதில் சொல்ல ஜூன் 1 கடைசி. யூஎஸ்சி, அதாவது சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்கிற தனியார் பல்கலைக்கழகம், மே 31 வரை இழுக்கும். அதிலும் சிலரிடம் "இந்த செமஸ்டர் மார்க்கை அனுப்பு, பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள், அது மறுப்பு இல்லை, பயந்துகொண்டு அழ வேண்டாம், மார்க்கை அனுப்புங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் படிப்புக் கல்லூரி) பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை கொடுக்கும். நாம் வரிசையில் ரொம்பப் பின்னால். இது முன்னாடியே தெரிந்திருந்தால் "என் பையனுக்கு 9.2 சிஜிபிஏ, எப்படி இல்லைன்னு சொல்லலாம்" என்கிற கோபம் பாதி குறையும்.

கோடை நேரக் கணக்குப்படி கலிஃபோர்னியா நம்மைவிட 12 மணி 30 நிமிடம் பின்னால். அங்கே சாயங்காலம் 5 மணிக்கு முடிவைப் போட்டால் இங்கே மறுநாள் விடிகாலை 5.30. எங்களுக்கு வந்ததெல்லாம் அப்படித்தான் வந்தது, அதனால் ராத்திரி ஒரு மணிவரை போர்ட்டலை (முடிவு போடுகிற அவர்கள் வெப்சைட்டை) ரெஃப்ரெஷ் பண்ணியதில் கண்ணெரிச்சல்தான் மிச்சம். முதல் முடிவு ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அம்மா பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்புகிற நேரம், தம்பி திண்ணையில் உட்கார்ந்து திறந்தான். மூஞ்சியைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் இருந்து அப்பாரு, எங்கள் தாத்தா, "என்ன கண்ணு, தபால் வந்துருச்சா?" என்றார். "வந்துருச்சுங்க அப்பாரு, இல்லைன்னுட்டாங்க." "செரி, போய்த் தென்னைக்குத் தண்ணியத் திருப்பி உட்டுட்டு வா." போனான். அன்றைக்கு அதைவிட நல்ல யோசனை வேறு யாரும் சொல்லவில்லை.

போர்ட்டலை ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், ஆனால் மெயிலை ஸ்பாம் உட்பட முழுசாகப் பாருங்கள். ஒரு டிரான்ஸ்கிரிப்ட் (மார்க் பட்டியல்) இன்னும் வரவில்லை என்று ஓரிடத்திலிருந்து வந்த மெயில் ஒன்பது நாள் ஸ்பாமில் தூங்கியது. இத்தனைக்கும் தம்பி அந்த ஒன்பது நாளும் போர்ட்டலை மணிக்கு ஒரு தடவை திறந்தவன்!

அப்புறம் மார்க். சீட் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான் வரும், இந்த செமஸ்டரில் அரியர் விழுந்தால் சீட்டை அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு பாடத்தை விட்டாலோ மார்க் சரிந்தாலோ மறைக்காமல் நீங்களே எழுதிச் சொல்லிவிடுங்கள். நமக்குத் தனியாக ஒரு தலைவலியும் உண்டு: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போக வேண்டும், இங்கே ஏப்ரல் மே பரீட்சைக்கு ரிசல்ட் அதற்குள் வரும் என்று நம்பி இருக்க முடியாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் "ரிசல்ட் இன்னும் வெளியாகவில்லை" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி, கெடு முடிவதற்கு முன்பே அனுப்பி அவகாசம் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்பது வேறு கதை. காத்திருக்கிற நாட்களில் படித்த பாடங்களின் சிலபஸையும் நகலெடுத்து சீல் வாங்கி வையுங்கள், எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கொடுப்பது என்று அவர்கள் முடிவு பண்ண அதுதான் ஆதாரம்.

பணம்தான் நம் ஊர்க்காரர்கள் சறுக்குகிற இடம். சீட் வந்ததும் ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கிற படிவம், வாங்க, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்பா நாலு ஏக்கர் தோப்புப் பட்டாவையும் குடோனில் விலைக்காகப் போட்டு வைத்திருந்த மஞ்சள் மூட்டைக் கணக்கையும் எடுத்து வைத்தார். "இதுக்கு மேல என்னம்மா வேணும் அவங்களுக்கு?" என்றார். தோப்பு எத்தனை கோடி போனாலும் அது கையிருப்பு ஆகாது, உடனே எடுக்கக் கூடிய பணம்தான் கணக்கு: சேமிப்புக் கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட், வங்கிக் கல்விக் கடன் ஒப்புதல் கடிதம். கடன் ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால் முடிவு வருவதற்கு முன்பே மேனேஜரைப் பார்த்து என்னென்ன காகிதம் என்று கேட்டு வையுங்கள். மஞ்சளை விற்பதா இன்னும் வைப்பதா என்கிற சண்டையையும் ஏப்ரலிலேயே போட்டு முடித்துவிடுவது நல்லது, நாங்கள் ஜூனில் போட்டோம்.

சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இலையில் உட்கார்ந்து எழுவதற்குள் பதினோரு பேர் "ஏஞ்சாமி, எப்பக் கெளம்பற?" என்று கேட்டுவிட்டார்கள்.

ஓரிடத்தில் சரி என்று வந்துவிட்டது, இன்னொன்று பாக்கி என்றால், வந்ததற்கு முன்பணம் கட்டி இடத்தைப் பிடியுங்கள். திரும்பி வராத பணம்தான், பரவாயில்லை. பாஸ்போர்ட் முடிகிற தேதியைப் பாருங்கள். ஐ-20 கைக்கு வந்ததும் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், அது தனி, விசா கட்டணம் தனி. நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பாடு, அதையும் ஐ-20 வந்த அன்றைக்கே தேட ஆரம்பியுங்கள்.

தம்பிக்கு மூன்றில் இரண்டு இல்லை, மே கடைசியில் ஒன்று சரி. விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தது ஜூலை கடைசியில். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் டிசிக்கு எழுதிக் கொடுத்தோம். அதுவரை ஐந்தாம் செமஸ்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான், அந்த பஸ் பீஸ் மட்டும் வீண்.