வீட்டு ஃபோனில் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிறதா?

ஆஃபீஸில் ஃபோன் அழைப்புகளை இணைக்க ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் சர்வரை வைத்திருந்தால், வெளியே இருக்கும் ஐபி ஃபோன்களுக்கு (இணையம் வழியாகப் பேசும் ஃபோன்கள்) மட்டும் 'டைரக்ட் மீடியா' அமைப்பை 'நோ' என்று மாற்றிவிடுங்கள், அப்படியே 'ஆர்டிபி சிமெட்ரிக்' (குரல் வந்த முகவரிக்கே பதில் குரலை அனுப்பும் அமைப்பு) என்பதை 'எஸ்' ஆக்குங்கள். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மௌனம் என்ற தொல்லை பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

காரணம் இதுதான்: அழைப்பை இணைக்கும் சிப் (SIP) தகவல் ஒரு வழியில் போகும், குரல் ஆர்டிபி என்று தனி வழியில் போகும். டைரக்ட் மீடியா இயல்பாகவே 'எஸ்' என்று இருப்பதால், அழைப்பு இணைந்ததும் சர்வர் விலகிக்கொண்டு இரண்டு ஃபோன்களையும் நேரடியாகப் பேசச் சொல்கிறது; ஆனால் ஆஃபீஸ் ஃபோன் கொடுக்கும் முகவரி 192.168 என்று தொடங்கும் உள் முகவரி, வீட்டிலிருந்து அங்கே குரல் போய்ச் சேர வழியே இல்லை. 'நோ' என்றால் குரல் முழுக்க சர்வர் வழியாகவே போகும். சர்வரும் ரவுட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது என்றால் வெளி ஐபியை 'எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ்' இடத்தில் போட மறக்காதீர்கள்.

ஒரே ஆஃபீஸுக்குள் பேசும் ஃபோன்களுக்கு இது வேண்டாம், நேரடியாகவே போகட்டும். இணைப்பின் அப்லோடு குறைவு என்றாலும் யோசியுங்கள்: ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 80 முதல் 90 கிலோபிட் ஆகும், வெளியே இருக்கும் இரண்டு பேர் தங்களுக்குள் பேசினால் ஆஃபீஸ் இணைப்பில் அது இரட்டிப்பு.