80இல் நிற்பது பழுதல்ல: மடிக்கணினி பேட்டரி அமைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு பிற்பகலில், கடையில் வேலை பழகும் தம்பி ஒருவர் வாடிக்கையாளரின் மடிக்கணினியை என் மேசைமீது வைத்து, "அண்ணே, சார்ஜ் 80க்கு மேல ஏறாம நின்னுச்சு. சரி பண்ணிட்டேன், இப்ப 100 காட்டுது" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மீது நானே கொண்டது. இதே வேலையை, இதே பெருமையுடன், நானும் ஒரு காலத்தில் செய்தவன்.

திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், தேவையற்றபோது புளூடூத்தை அணையுங்கள் என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை சரியானவை, யாவரும் அறிந்தவை. நன்மை செய்வதாக எண்ணி நாம் கைவைத்துக் கெடுக்கும் அமைப்புகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். அதற்குமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "பேட்டரி நிற்க மாட்டேங்குது" என்று ஒருவர் சொல்லும்போது, ஒருமுறை ஏற்றிய சார்ஜ் இன்று எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும், அந்தப் பேட்டரியே எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதும் அதில் கலந்திருக்கின்றன. இவை இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைக் கூட்டப் போய் இரண்டாவதை இழப்பவர்களே கடைக்கு மிகுதியாக வருகிறார்கள்.

சார்ஜ் வரம்பைப் பழுதென்று எண்ணி நீக்குதல்

2014இல், நான் தொழிலுக்கு வந்து ஓராண்டுகூட முழுதாக ஆகாத சமயம், தணிக்கை அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்த ஒருவர் தம் மடிக்கணினியில் 60 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவந்தார். சார்ஜரை மாற்றிப் பார்த்தேன். சார்ஜர் முனையைச் செருகும் துளையைச் சுத்தம் செய்தேன். இன்னொரு சார்ஜரையும் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தேன். எண் 60ஐத் தாண்டவில்லை. செல் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, 3,500 ரூபாய்க்குப் புதுப் பேட்டரி போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், புதுப் பேட்டரியும் 60இல் நின்றுகொண்டிருந்தது.

உண்மை என்னவென்றால், யாரோ அந்தக் கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தார்கள். தயாரிப்பாளர் தந்த கட்டுப்பாட்டுச் செயலி அதில் அழிந்துவிட்டது. ஆனால் அச்செயலி வழியாக முன்பே வைத்திருந்த சார்ஜ் வரம்பு, அதாவது இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதே என்ற அமைப்பு, சில மாடல்களில் நடப்பதுபோல, கணினியின் உள்மென்பொருளில் அப்படியே தங்கியிருந்தது. வரம்பு வேலை செய்தது, அதைச் சொல்லத்தான் திரையில் ஆள் இல்லை. செயலியை மீண்டும் நிறுவி, அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்தேன். 100 வந்தது. நல்ல நிலையில் இருந்த பழைய பேட்டரியை, "கையில் ஒன்று இருக்கட்டும் சார்" என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை இன்றும் நினைத்தால் கூசுகிறது.

ஏறக்குறைய இருபது மாதங்கள் கழித்து அவர் திரும்ப வந்தார். இம்முறை குறை வேறு: டச்பேட் அமுங்கவில்லை. அடிமூடியின் திருகுகளைக் கழற்றக் கழற்ற, மூடி தானாகவே எழும்பி வந்தது. கடைசித் திருகு விட்டதும் உள்ளே பார்த்தால், மூன்று செல்களில் நடுவில் இருந்தது பூரிபோல உப்பி, டச்பேடை அடியிலிருந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலோர மேசை, ஏசி இல்லாத அறை, காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை செருகிய சார்ஜர், எப்போதும் 100. நான் போட்டது மலிவான பேட்டரி என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய பழைய பேட்டரி, அதே மேசையில், அதே வெயிலில், 60இல் நின்றபடி மூன்று ஆண்டுகள் உப்பாமல் இருந்தது என்பதையும் நான் மறக்க முடியாது. இரண்டாம் முறை பேட்டரிக்குப் பணம் வாங்கவில்லை; வரம்பை மீண்டும் வைத்து, ஏன் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

"100 ஆனதும் சார்ஜ் தானாகக் கட் ஆகிவிடுமே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். கட் ஆவது உண்மைதான். அளவுக்கு மீறி ஏற்றுவது இன்றைய மடிக்கணினிகளில் நடப்பதில்லை. கேடு ஏற்றுவதில் இல்லை, நிறைந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பதில் இருக்கிறது. பெரும்பாலான லித்தியம்-அயன் செல்களின் சராசரி மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட், சில வகைகளில் அதற்கும் சற்று மேல். அந்த உச்சத்தில் மின்பகு திரவம் மின்முனைகளோடு மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். மின்முனைமேல் படியும் படலம் தடிக்கும், பயன்படும் லித்தியம் குறையும், வாயுவும் உண்டாகும். விளிம்புவரை நிரப்பிய குடத்தை இறக்கி வைக்காமல் நாள் முழுதும் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நிற்பது போன்றது அது. வெப்பம் கூடினால் இவ்வினை இன்னும் வேகம் பிடிக்கும்.

இத்துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. லித்தியம்-அயன் பேட்டரியை 40 பாகை செல்சியசில், 40 விழுக்காடு சார்ஜுடன் ஓராண்டு வைத்திருந்தால், அதன் கொள்ளளவில் சுமார் 85 விழுக்காடு மிஞ்சும். அதே வெப்பத்தில் 100 விழுக்காடு சார்ஜுடன் வைத்திருந்தால் மிஞ்சுவது சுமார் 65. வெப்பம் 25 பாகை என்றால் இவை முறையே 96, 80 ஆகின்றன. இதில் பேட்டரியை யாரும் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சும்மா இருந்ததற்கே இந்தத் தேய்மானம். சித்திரை, வைகாசியில் திருச்சியிலோ வேலூரிலோ வெளியே 40 பாகையைத் தாண்டும் நாட்களில், ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியின் உள்ளே என்ன வெப்பம் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"80 என்றால் 20 நஷ்டம்தானே?" என்பது அடுத்த கேள்வி. 50 வாட்-மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) பேட்டரி நல்ல நிலையில் இருந்து 80இல் நின்றால், மின்தடை வரும்போது கையில் 40 வாட்-மணி இருக்கும். அதே பேட்டரி 65 விழுக்காட்டுக்குத் தேய்ந்தபின் திரையில் 100 என்று காட்டினாலும், உள்ளே இருப்பது 32.5 வாட்-மணிதான். திரையில் காணும் நூறு, மிச்சமிருக்கும் கொள்ளளவின் நூறு; வாங்கிய அன்றைய நூறு அல்ல.

இந்த அமைப்பு விண்டோஸின் பொதுவான பேட்டரிப் பக்கத்தில் இல்லாமல், பெரும்பாலும் தயாரிப்பாளரின் செயலியிலோ, விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸிலோ ஒளிந்திருப்பதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். லெனோவோவில் வான்டேஜ் செயலியின் கன்சர்வேஷன் மோடு. ஆசுஸில் மைஆசுஸ் செயலியின் பேட்டரி கேர் பகுதி. எச்பியின் பல மாடல்களில், தொடங்கும்போது எஃப்10 அழுத்தி நுழையும் பயாஸில் பேட்டரி ஹெல்த் மேனேஜர். டெல்லில் எஃப்2 அழுத்தி நுழையும் பயாஸில், பெரும்பாலும் செருகியே பயன்படுத்துவோருக்கான 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்ற தெரிவு. மேக்புக்கில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' உங்கள் பழக்கத்தைப் பார்த்துத் தானே 80இல் நிறுத்தி வைக்கும். ஒரு நாள் அது 80இலேயே நின்றது என்பதற்காகச் சேவை மையத்துக்கு ஓட வேண்டாம். லினக்ஸ் பயன்படுத்துவோர், தங்கள் மாடல் இடம் கொடுத்தால், டிஎல்பி என்னும் கருவியில் தொடக்க வரம்பையும் முடிவு வரம்பையும் எழுதி வைக்கலாம்.

நாள்தோறும் சார்ஜரின்றி வெளியே அலைபவருக்கு இந்த வரம்பு தேவையில்லை. அவருடைய பேட்டரி 100இல் தங்குவதே இல்லை. மேசையை விட்டு நகராதவர் எப்போதாவது வெளியூர் போவதாக இருந்தால், புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு வரம்பை நீக்கி நிரப்பிக்கொண்டு, திரும்பியதும் மீண்டும் வைத்துவிடலாம்.

அந்தத் தம்பியின் கையாலேயே வரம்பைத் திரும்ப 80இல் வைக்கச் சொன்னேன். வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் விளக்கும் வேலையையும் அவரிடமே விட்டேன்.

மூடினால் தூங்கிவிட்டது என்று நம்புதல்

மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர், காலையில் 90 காட்டிய கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தால் 60கூட இருப்பதில்லை என்றார். பையைத் திறக்கும்போது முதுகுப் பக்கம் சுடுகிறது என்றும் சொன்னார். அவர் பேட்டரியில் குறை ஒன்றும் இல்லை.

பழைய கணினிகளில் உறக்க நிலை என்றால் நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் போகும், மற்றவை அடங்கிவிடும். இன்றைய பல விண்டோஸ் கணினிகளில் அதற்குப் பதிலாக 'மாடர்ன் ஸ்டான்ட்பை' வந்திருக்கிறது. கைபேசியின் திரையை அணைத்தால் அது எப்படி உள்ளுக்குள் விழித்திருக்குமோ, அப்படியே இதுவும் வலையில் இணைந்து, மின்னஞ்சல் பார்த்து, சில வேளை புதுப்பிப்பையும் இறக்கிக்கொள்ளும். மேசையில் இது வசதி. காற்றுப் புகாத பைக்குள், 40 பாகை வெயிலில், பேட்டரியை வேகவைக்கும் வேலை.

தீர்வு எளிது: மூடினால் உறங்காமல் 'ஹைபர்னேட்' ஆகும்படி மாற்றுவது. அதில் நினைவகத்தில் உள்ளவை அனைத்தும் டிஸ்கில் எழுதப்பட்டு, கணினி ஏறக்குறைய முழுதாக அணைந்துவிடும். திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'ஆன் பேட்டரி' என்ற பத்தியில் மட்டும் இதை வைத்தால் போதும். அங்கே ஹைபர்னேட் என்ற சொல்லே காணப்படவில்லை என்றால், விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ஆங்கில எழுத்துகளில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'ஹைபர்னேட்', மீண்டும் ஓர் இடைவெளி, 'ஆன்' என்று தட்டி அந்த வசதியை இயக்க வேண்டும். அந்தப் பிரதிநிதி இப்போதும் கடைக்கு வருகிறார், கீபோர்டில் டீ கொட்டியதற்காக.

பிராசஸரின் கழுத்தை நெரித்தல்

பவர் ஆப்ஷன்ஸின் உள்பக்கங்களில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்று ஓர் எண் சில கணினிகளில் தென்படும். அதை 50இல் வைத்தால் பேட்டரி இரு மடங்கு தாங்கும் என்று நம்புவோர் உண்டு. கல்லூரி நாட்களில் நானும் நம்பினேன். கணினியின் மூளையான பிராசஸர் மெதுவானால் வேலை முடியவும் தாமதமாகும். அதுவரை திரையும் வைஃபையும் நினைவகமும் விழித்தே இருக்கும். விரைந்து முடித்துவிட்டு ஓய்வுக்குப் போகும் பிராசஸர், நாள் முழுதும் தவழும் பிராசஸரைவிடப் பல வேளைகளில் குறைவாகவே செலவழிக்கிறது. அந்த எண்ணை 99இல் வைப்பது மட்டும் ஒரு பயனுள்ள உத்தி: பெரும்பாலான இன்டெல் கணினிகளில் அது பிராசஸர் இயல்பைத் தாண்டி ஓடும் டர்போ வேகத்தை நிறுத்தி, சூட்டையும் விசிறி இரைச்சலையும் குறைக்கும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள், செட்டிங்ஸில் பவர் மோடை மின்சாரச் சிக்கனத்துக்குரிய நிலையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

144 ஹெர்ட்ஸ் திரையில் கணக்கு எழுதுதல்

விளையாட்டுக்காக வாங்கிய கணினியில் நாள் முழுதும் எக்செல் ஓடுகிறது. திரையோ நொடிக்கு 144 முறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அட்வான்ஸ்டு டிஸ்பிளே பகுதியில் 60க்கு இறக்குங்கள். பேட்டரியில் ஓடும்போது தானாக இறங்கும் வசதி சில மாடல்களில் உண்டு; அது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டார்க் மோடு

திரையின் பின்னணியைக் கறுப்பாக்கும் இது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்கு மட்டுமே பலன் தரும். சாதாரண எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

பேட்டரியைக் காப்பாற்றும் செயலிகள்

நிறுவாதீர்கள்.

வாரந்தோறும் 0 வரை வடித்தல்

இது பழைய நிக்கல்-கேட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பழக்கம். பாதியிலேயே ஏற்றி ஏற்றிப் பழகினால் கொள்ளளவு குறைந்ததுபோல நடந்துகொள்ளும் 'ஞாபக நோய்' லித்தியம்-அயனுக்கு இல்லை. அடியோடு வடிப்பது அதற்குச் சுமை. விழுக்காட்டுக் கணக்கு பிசகி, 30 காட்டும்போதே கணினி அணைந்தால் மட்டும், ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றலாம். அதில் திருந்துவது அளவுமானியின் கணக்கே. செல்லுக்கு ஒரு நன்மையும் இல்லை.

அளந்து பார்க்காமல் மாற்றுதல்

மேற்சொன்ன எதையும் மாற்றுவதற்குமுன், விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் திரை காட்டும். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: வடிவமைத்தபோதைய கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு. முன்னது 45,000 மில்லிவாட்-மணி, பின்னது 41,000 என்றால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது, குறை அமைப்புகளில்தான். பின்னது 20,000க்குக் கீழே போய்விட்டதென்றால், எந்த அமைப்பும் அதை மீட்காது, புதுப் பேட்டரிக்குப் பணம் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இரண்டாம் எண்ணை ஒரு தாளில் தேதியுடன் குறித்து வைப்பவர்களை நான் ஏமாற்ற முடியாது. 2014இல் அந்தத் தணிக்கையாளர் கையில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அவருடைய 3,500 ரூபாய் தப்பியிருக்கும்.

உப்பிய பேட்டரியோடு அமைப்புகளைத் தேடுதல்

வேண்டாம். டச்பேட் எழும்பினாலோ, மேசையில் வைத்த கணினி தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, அப்போதே அணைத்து, சார்ஜரை உருவி, பேட்டரியை அழுத்தாமல், குத்தாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.